இடது பக்க சீட்

மீஞ்சூரிலிருந்து கிளம்பிய பிராங்க்ளின், பழவேற்காடு படகுத்துறையை ஒட்டிய நண்டு ஷெட்டுக்கு முன்னால் பைக்கை நிறுத்தியபோது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரி அசைவில்லாமல் கிடந்தது. ஷெட் வாசலில் ஒரு வெள்ளை டீசல் கார், அதைச் சுற்றி ஆறு பேர்.

ஓடாத காரைச் சுற்றி எப்போதும் ஆறு பேர் நிற்பார்கள். பன்னிரண்டு வருடமாகக் கார் வயரிங் பார்க்கிற பிராங்க்ளினுக்கு அந்த ஆறு பேரும் மனப்பாடம். ஒருவன் பேட்டரி என்பான். ஒருவன் எலி கடித்திருக்கும் என்பான். ஒருவன் யூடியூபில் பார்த்ததை ஒப்பிப்பான். மிச்சம் மூன்று பேர் தலையாட்டுவார்கள்.

"பேட்டரிதான் தம்பி," என்றான் ஒருவன்.

"அப்ப நீயே மாத்திடு. நான் வூட்டுக்குப் போறேன்."

ஆறு பேரும் கலைந்தார்கள்.

காரின் சொந்தக்காரர் ஆதிகேசவன் நிழலிலிருந்து வந்தார். பசியாவரத்திலிருந்தும் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் படகில் வருகிற நண்டையும் இறாலையும் வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்கில் செண்ட் தெளித்த கைக்குட்டை. இருபது வருடம் நண்டில் வயிறு வளர்த்துவிட்டு நண்டு வாடைக்கு மூக்கைப் பொத்துகிற ஆளைப் பார்த்ததும் பிராங்க்ளினுக்குச் சிரிப்பு முட்டியது.

"ஒம்போது நாளா இப்பிடியே நிக்குது தம்பி. ரெண்டு மெக்கானிக் வந்தானுங்க. இன்னா ஏதுன்னு சொல்லாம ஓடிட்டானுங்க. இது இங்க நிக்கிற வரைக்கும் ஒருத்தனும் இந்தத் துறையில படகு கட்ட மாட்டேங்குறான். தொழிலே படுத்துடுச்சு."

"கார் ஓடாததுக்கும் படகுக்கும் இன்னா சம்பந்தம் சார்?"

ஆதிகேசவன் கைக்குட்டையை மாற்றிப் பிடித்தார்.

ஷெட்டின் உள்ளே நான்கைந்து பெண்கள், வேறு துறையிலிருந்து வந்த கொஞ்சம் நண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி, சூசையம்மாள், தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அது கிளம்பாது தம்பி."

"நீ எந்த ஒர்க்‌ஷாப்ல வேல பாத்த?"

அவள் ஒரு நண்டின் கொடுக்கைக் கட்டிக் கூடையில் போட்டாள்.

பிராங்க்ளின் கார் கதவைத் திறந்தான். வாங்கி இரண்டு வருடமாகியும் சீட்டுகளின் மேல் கம்பெனி பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அடப்பாவி, என்று நினைத்துக்கொண்டான். புதுப் பெண்டாட்டியைக்கூட இத்தனை நாள் யாரும் பொத்தி வைத்ததில்லை.

சாவியைத் திருப்பினான். விளக்குகள் எரிந்தன. செல்ஃபில் 'டக்' என்ற சத்தம்கூட இல்லை.

சரி, அவனுக்குத் தெரிந்த வரிசை அது. பேட்டரியில் மீட்டர் வைத்தான், குறையே இல்லை. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான், எல்லாம் சரி. ரிலே சரி. எர்த் வயர் புதுசுபோல் இறுகியிருந்தது. உப்புக்காற்றில் நிற்கிற வண்டியில் துரு இருக்கும் என்று தேடினான், அதுவும் இல்லை. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு நேராக வயர் கொடுத்தான். மோட்டார் சுற்றியது. எஞ்சின் செத்த மாடு மாதிரிக் கிடந்தது.

கடைசியில், வண்டியின் கோளாறைத் திரையில் காட்டுகிற ஸ்கேனரை மாட்டினான். ஸ்கேனர் பொய் சொல்லாது. பொய் சொல்கிறவர்கள் கார் வைத்திருப்பவர்கள்தான்.

திரையில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்கிற விளக்கு.

இடது பக்க சீட்டில் யாரும் இல்லை.

சீட்டுக்கு அடியில் எடை பார்க்கிற ஒரு தகடு இருக்கும், ஈரம் பட்டால் அது உளறும். நண்டுக் கூடையை வைத்திருப்பார் இந்த மனுஷன். பிராங்க்ளின் பிளாஸ்டிக் உறையின் மேல் கையை வைத்தான்.

ஈரமாக இருந்தது. உறைக்கு அடியில் இல்லை, மேலே.

விரலை முகர்ந்தான். ஏரிச் சேறு. கூடவே இரும்பு வாடைபோல் ஒன்று.

"சார், இந்த சீட்ல இன்னா வெச்சீங்க?"

"ஒண்ணும் வெக்கல," என்றார் ஆதிகேசவன், பத்தடி தள்ளி நின்றபடி. "அந்த சீட்ல யாரையும் குந்த வெச்சதே கெடயாது."

குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, தகட்டின் வயரைக் கழற்றினான். கழற்றினால் விளக்கு அணைய வேண்டும், அல்லது ஸ்கேனரில் கோளாறு காட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவனுக்கும் தெரிகிற விஷயம்.

விளக்கு எரிந்தது. ஸ்கேனரில், அந்த சீட்டில் ஆள் இருக்கிறது என்றே காட்டியது.

சீனாக்காரன் சரக்கு, என்று ஸ்கேனரைத் திட்டினான்.

கரக்.

பிளாஸ்டிக் உறை சத்தம் போட்டது. சீட்டில் ஒருத்தர் நகர்ந்து உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

வெயிலில் பிளாஸ்டிக் விரியும், அவ்வளவுதான். பிராங்க்ளின் வீம்புக்கு எட்டி இடது பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். காலி சீட்டுக்கு ஒரு கை நீளம் போதும். பெல்ட் வந்துகொண்டே இருந்தது. கொக்கியில் மாட்டினான்.

பெல்ட் சீட்டின் மேல் படியவில்லை.

சீட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வளைந்து, விறைப்பாக நின்றது.

மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

பிராங்க்ளினின் கை தானாகச் சாவியைத் திருப்பியது. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"அப்பிடிப் போடு!" ஆதிகேசவன் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். இடப்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். சிரிப்பு செத்தது. கதவைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றிய விரலால் கொக்கியை அழுத்திப் பெல்ட்டை விடுவித்தார்.

எஞ்சின் நின்றது.

"யார்ரா இத மாட்டச் சொன்னது?"

"மாட்டுனாதான் ஓடுது சார்."

"அவள ஏத்திக்கினு ஊரு சுத்தச் சொல்றியா?"



"அவளா?" என்றான் பிராங்க்ளின். "நான் பொம்பளன்னு சொல்லவே இல்லயே."

சூசையம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஜமுனா தம்பி. ஏரில எறங்கிக் கையால எறாலு தடவிப் புடிக்கிறவ. ஒம்போது நாளைக்கு முன்ன திருக்க மீனோட வாலு முள்ளு துடையில ஏறிடுச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. இதே எடத்துலதான் கொணாந்து போட்டோம். காரு இங்கதான் நின்னுக்கினு இருந்துச்சு. சாவி இவுரு கையில இருந்துச்சு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ அண்ணேன்னு கையெடுத்துக் கும்புட்டா."

"எவ்ளோ நேரம் ஆவும் இங்கேந்து?" என்று பிராங்க்ளின் கேட்டான், தெரிந்தே.

"அரமணி. இவுரு இன்னா சொன்னாரு தெரியுமா? சேறும் ரத்தமுமா கீற, சீட்டு வீணாயிடும்னாரு. ஆட்டோ தேடி ஏத்துறதுக்குள்ள போயிட்டா."

"ஊர்ல நூறு பேருக்கு முள்ளு குத்தும்," என்றார் ஆதிகேசவன். "எல்லாருக்கும் நான்தான் டிரைவரா?"

பிராங்க்ளின் காரிலிருந்து இறங்கி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். எத்தனையோ மடையர்களிடம் அவன் வேலை பார்த்திருக்கிறான். எஞ்சின் ஆயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றியவனைக்கூடப் பார்த்திருக்கிறான். அவர்களெல்லாம் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய மனிதர்கள் என்று இப்போது தோன்றியது.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல," என்றான். "பெல்ட்ட மாட்டு. பொன்னேரிக்கு ஓட்டு. அவ கேட்டது அதானே."

"நீ ஓட்டு தம்பி. உனக்கு இன்னா வேணுமோ குடுத்துடறேன்."

"அவ என்னையா கும்புட்டா?"

ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் ஆதிகேசவனையே பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமலோ, துறைக்குப் படகுகள் திரும்பி வரும் என்ற ஆசையிலோ, ஆதிகேசவன் காரில் ஏறினார். உட்காரும் முன் தன் சீட்டை ஒருமுறை தட்டித் துடைத்துக்கொண்டார். பிறகு, கொட்டுகிற பூச்சியைத் தொடுகிறவர்போல இடது பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

எஞ்சின் பிடித்தது. கார் நகர்ந்தபோது இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்ததை பிராங்க்ளின் பார்த்தான். பொன்னேரி சாலை வளைவில் அது மறைந்தது.

சூசையம்மாள் மண்ணில் காறித் துப்பினாள். "ஒம்போது நாள் கழிச்சு வந்துச்சு பாரு ரோஷம்."

அன்று ஆதிகேசவன் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் மனைவி போலீஸில் எழுதிக் கொடுத்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு கார் வரவே இல்லை என்றார்கள். வழியிலிருந்த கடைக் கேமரா எதிலும் வண்டி இல்லை. ஏரியில் வலைபோட்டுக்கூடத் தேடினார்கள். சொத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. பிராங்க்ளினும் அதையே நம்பப் பார்த்தான். இப்படிப்பட்ட ஆள் ஓடத்தான் செய்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிவிட்டு, யாருடைய காரிலும் இடது பக்கக் கதவைத் திறக்காமலே வேலை பார்த்தான்.

ஐந்தாம் நாள் பட்டப்பகலில், மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆதிகேசவன்.

"எங்க சார் போனீங்க? ஊரே தேடுது."

எஞ்சின் ஓடுகிற சத்தம். அதற்கு மேல் ஒரு மூச்சு, விட்டு விட்டு, ஈரமாக.

"தம்பி." குரல் கிசுகிசுப்பாக இருந்தது, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பப் பயப்படுகிறவன்போல. "ஓட்டிக்கினுதான் கீறேன். நிறுத்தவே இல்ல. டீசல் தீந்து ரெண்டு நாளாச்சு. பிரேக்க மிதிச்சா கேக்க மாட்டேங்குது. என் பெல்ட்டும் கழல மாட்டேங்குது."

"எங்க கீறீங்க?"

"பொன்னேரி ரோடுதான். இதே ரோடுதான் தம்பி. பொன்னேரி வரவே மாட்டேங்குது."

கரக், என்று பிளாஸ்டிக் நகர்கிற சத்தம். யாரோ போன் பக்கம் சாய்கிறார்கள்.

காதுக்கு மிக அருகில், களைத்துப்போன ஒரு பெண்குரல் அவனிடம் கேட்டது.

"மெக்கானிக் அண்ணே, இன்னும் எவ்ளோ தூரம்?"