கிடங்குச் சுவரோரம்

ஒலி இல்லாத படம் என்றுதான் சுருளின் டப்பாமேல் எழுதியிருந்தது. ஆனாலும் ஹெட்ஃபோனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

நாற்பது வருடம் ரகசியமென்று பூட்டி வைத்த ஆவணங்களை அரசாங்கம் போன மாதம்தான் வெளியே விட்டது. அதை வைத்து ஆவணப்படம் எடுக்கும் டைரக்டர், ஒரு சுருளைக் கணினிக்கு மாற்றி, அதன் டப்பாவோடு எடிட்டரான அவளுக்கு அனுப்பியிருந்தார். மதிய வெயில் திரையில் படாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவின் தைல வாசனை பக்கத்து அறையிலிருந்து கசிந்து வந்தது.

படத்தில் ஒரு கிடங்குச் சுவர். அதை ஒட்டி, கைகள் பின்னால் கட்டப்பட்டு, வரிசையாக ஆட்கள். அந்தக் கிடங்கில் யாருமே சாகவில்லை என்றே மாறி மாறி வந்த அரசாங்கங்கள் எல்லாம் சாதித்தன. அவள் ஒலியைக் கூட்டினாள். சரளைக்கல் நெரிபடும் சத்தம், தூரத்தில் ஒரு காக்கை, யாரோ விழுங்கிக்கொண்ட விம்மல், அதற்கப்புறம் கேமராவுக்கு வெகு அருகே ஒரு ஆண் குரல்.

"கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க. மூஞ்சில வெளிச்சம் படட்டும்."

சின்ன வயதில் அவளை நிற்க வைத்துப் படம் பிடித்த அதே குரல், அதே இழுவை. அப்பாவின் குரல். அரசாங்கத்தில் கேமராமேனாக இருந்தவர். கேட்டால், "ரிப்பன் வெட்டுறத எடுத்தேன், வேறென்ன" என்பதோடு சரி.

ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தச் சுருள்ல சவுண்டு இருக்கா?"

"பொட்டுச் சத்தம் கிடையாதும்மா. அந்தக் கேமராவுல மைக்கே இல்லையே. ஏன்?"

போனை வைத்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

குரல் நிற்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து வந்தது.

கதவைத் தள்ளினாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு கண்ணை இடுக்கி, இல்லாத கேமராவை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி.

"அப்பா, யாருகிட்ட பேசுறீங்க?"

"வந்திருக்காங்கம்மா. அன்னிக்கு யாரு மூஞ்சியும் படத்துல சரியா விழல."

"நீங்கதான் எடுத்தீங்களா?"

"எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். வாய மூடிக்கச் சொன்னாங்க. மூடிக்கிட்டேன்."

கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவரைத் தாங்கிப் பிடிக்கப் போனவள், அவர் பார்த்த பக்கம் பார்த்தாள்.

எதிர்ச் சுவரில் வெயில். அறையில் அவர்கள் இரண்டே பேர்.

சுவரில் வரிசையாக நிழல்கள். அசையவில்லை. எதற்கும் கைகள் தெரியவில்லை.

ஓரத்தில் ஒன்று, குழந்தையுடையது. மற்றவற்றின் இடுப்பளவு உயரம்.

அது தலையைத் திருப்பியது. மெதுவாக. நெற்றி தெரிந்தது. மூக்கு தெரிந்தது.

வாய் திறந்தது.