பட்டி பிடிக்காத கதவு

காலையில் பின்னறைக்கு எதிரே பெருக்கும்போதுதான் அவள் அவற்றைப் பார்த்தாள். சுண்டுவிரல் நுனியை விடச் சிறிதாக, பழுப்பு நிறத்தில் நான்கு முளைகள் தரையில் கிடந்தன. நேற்று மாலை கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அது விட்டுப்போன நான்கு திருகாணித் துளைகளில் அவள் அழுத்தி அடைத்த பட்டிப் பசைதான். நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. உதிரவில்லை, உடையவும் இல்லை. உள்ளிருந்து யாரோ விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டதுபோல, துளையின் வடிவம் கூடக் கலையாமல் விழுந்திருந்தன.

தன்மேல்தான் பிழை என்று நினைத்தாள். எதிலும் முதலில் அப்படித்தான் நினைப்பாள். நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினாள்: அடைக்கும் முன் துளைத் தூசியை ஊதவில்லை. ஆழமான துளையை ஒரே தடவையில் நிரப்பிவிட்டேன், மேலே காய்ந்து உள்ளே சுருங்கியிருக்கும். இன்று இரண்டு தடவையாக.

பட்டி தீர்ந்திருந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது டப்பா. ஹார்டுவேர் கடைக்காரர் அதை எடுத்து வைத்தபடியே கேட்டார்.

"என்னம்மா, கதவுக்குப் பூசுறீங்களா, இல்ல பட்டியிலயே ஒரு கதவு செய்யறீங்களா?"

கரையான் அரித்துவிட்டது என்றாள். பொய். சிரிக்கவும் முயன்றாள், வரவில்லை.

வெளிப்பக்கத் துளைகளுக்கு ஒரு கரண்டிப் பட்டி போதும். டப்பா டப்பாவாகக் குடித்தது கதவின் உட்பக்கம். அங்கே, கைப்பிடிக்குப் பக்கத்தில், நெஞ்சுயரத்திலிருந்து தரை நோக்கி, நான்கு நான்காகக் கீறல்கள் இறங்கின. மேலே இருந்தவை ஆழமானவை. கீழே வர வர இளைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெறும் கோடுகளாக நின்றுபோயிருந்தன. அம்மாவின் நகங்களை அவள் ஞாயிறுதோறும் ஒட்ட வெட்டிவிடுவாள். அப்படியும் மரம் விட்டுக்கொடுத்திருந்தது.

அம்மாவுக்கு ஞாபக மறதி முற்றிப்போன பிறகு, திறந்த கதவைக் கண்டால் நேராகத் தெருவுக்கு நடந்துவிடுவாள். அண்ணன் ஒரு விடுமுறையில் வந்தான், நான்கு துளை போட்டுத் தாழ்ப்பாளை மாட்டினான், மாலை ரயிலில் திரும்பிப் போனான். அதன்பின் வாரத்தில் மூன்று நாள், ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது, இவள் அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, "ரெண்டு மணி நேரம்தாம்மா, சமத்தா இரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். அந்தத் தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் விழாது. கரகரவென்று பாதி வரும். உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு மீதி. அதன்பின் மாலை வகுப்பில் கட்டட வரைபடம் கற்கும் இரண்டு மணி நேரம். யாரும் அவளைப் பார்த்து "யாருடி நீ?" என்று கேட்காத இரண்டு மணி நேரம்.

கடைசி நாளில் வகுப்பு முடிந்தும் அவள் வீட்டுக்கு வரவில்லை. கூடப் படிப்பவர்களோடு தேநீர் குடிக்கப் போனாள். யாரோ எதையோ சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தாள். இரண்டு மணி நேரம் நான்காகிவிட்டது. திரும்பி வந்து தாழ்ப்பாளை இழுத்தபோது கதவு திறக்கவில்லை. தள்ளினாள். உள்ளே ஏதோ ஒன்று, மெத்தென்று, கதவோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தது.

அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். அம்மாவின் விரல்களைக் கழுவினாள். அதன் பிறகுதான் அண்ணனை அழைத்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றாள். அவனும் ஊரெல்லாம் அப்படியே சொன்னான்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவன் வீடு வாங்க வருபவர்களை அழைத்துவருகிறான். மதியம் போன் செய்தான்.

"அந்தத் தாழ்ப்பாளை எடுத்துட்டியா? ரூமுக்கு வெளியில எதுக்குத் தாழ்ப்பாள்னு கேப்பாங்க."

"எடுத்தாச்சு. நீதானே மாட்டின?"

"நான் மாட்டினேன். இழுத்துப் போட்டது யாரு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் வைத்த பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கதவின் உட்பக்கத்தை அவன் பார்த்தால் போதும், யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

மாலை வெளித்துளைகளை மறுபடி அடைத்தாள். கழற்றிய தாழ்ப்பாளை, அண்ணன் வருவதற்குள் எங்காவது எறிந்துவிடலாம் என்று பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். அது தொடையில் கனத்தது. கதவு உள்நோக்கித் திறப்பது. திறந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், உட்பக்கத்தில் கை வைக்க முடியாது. அதனால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதன் எதிரே நின்றாள். ஆறுக்குக் கால் மணி இருந்தது.

உப்புத்தாள் தேய்த்த தூளும் பட்டியின் புளித்த பசை வாடையும், அவற்றுக்கு அடியில் இன்னும் போகாத அம்மாவின் தைல வாசனையும் சேர்ந்து தொண்டையில் கட்டின. மேலிருந்து ஆரம்பித்தாள். தகட்டில் கொஞ்சம் எடுத்து, கீறலுக்குக் குறுக்காக அழுத்தி இழுத்து, மிச்சத்தை வழித்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. முட்டி போட்டுக் கீழ்க்கோடுகளுக்கு வந்தபோது, அடைத்த பட்டி மெல்லிய புழுபோல எழும்பி நிற்பதைக் கண்டாள்.

தண்ணீர் கூடிவிட்டது. அப்படித்தான் இருக்கும். அழுத்தினாள்.

எழும்பியது.

கட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள். விரலுக்கு அடியில், மரத்துக்குள்ளிருந்து, ஏதோ பதிலுக்கு அழுத்தியது. சூடாக.

கையை உதறி எழுந்தாள். அப்போது வெளியே கேட்டது.

கரகரவென்று பாதி.

ஒரு தட்டு.

மீதி.

கை பைக்குள் போனது. தாழ்ப்பாள் இருந்தது. சில்லென்று, முழுசாக, அவள் விரல்களுக்குள் இருந்தது.

கைப்பிடியை இழுத்தாள். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

"ரெண்டு மணி நேரம்தாம்மா, சமத்தா இரு."

அவள் குரல். அவளுடைய குரலேதான். இந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் கேட்டதே இல்லை. அதற்குள் இருந்த அவசரத்தையும், சீக்கிரம் விட்டுப் போகும் அந்தச் சந்தோஷத்தையும் இப்போதுதான் கேட்டாள். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. வாசல் கதவு சாத்தும் ஓசை.

கத்தினாள். தட்டினாள். பிறகு விரல்கள் தாமாகவே நெஞ்சுயரத்துக்குப் போயின. ஈரப் பட்டிக்குள் இறங்கின. பழைய கீறலில் நான்கும் பொருந்தி உட்கார்ந்தன.

அடியில், அவள் கால்களை ஒட்டி, மெத்தென்று ஏதோ கதவில் சாய்ந்தது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இன்னொரு கை பிறாண்டத் தொடங்கியது. நிதானமாக. பழகிய கை.