நிரம்பி நின்ற வாய்க்கால்

இந்தக் காலத்தில் கிணறு வற்றினால் ஆளாளுக்குத் திட்டுவதற்கு ஒருத்தனைத் தேடுகிறார்கள். கயிற்றை விட்டு எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று பார்க்க எவனுக்கும் கை வரவில்லை. கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பத்தான் தெரிகிறது.

பண்டமாரானிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, அம்பாங்கைத் தாண்டிய மலையடிக் கம்பத்துச் சிற்றூரில் வந்து இறங்கிய இராமலிங்கம் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். வயது எழுபத்து மூன்று. நாற்பது வருடம் கிணறு வெட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுதி நீட்டிய எதையும் நம்பிப் பழக்கமில்லாதவர்.

ஞாயிறு, பிற்பகல் 3.20.

அக்கா மகள் குமுதா கிணற்றடியில் நின்றாள். பன்னிரண்டு மாடு வைத்து பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவள். அவர் வாளியை விட்டார். முப்பது அடியில் சேறுதான் ஏறி வந்தது.

"நான் வெட்டுனப்போ பன்னெண்டு அடியில தண்ணி" என்றார்.

"போன மாசம் வரைக்கும் இருந்துச்சு மாமா. குழாய்த் தண்ணி வீட்டுக்குத்தான் பத்துது. நாளன்னைக்கு லோரி வருது, மாட்டை வித்து ஏத்திடப் போறேன். தண்ணி காட்டாம எப்படிக் கட்டி வைக்கிறது?" குரலை இறக்கினாள். "அந்த லோகன்தான். கார் கழுவுறேன்னு போர் போட்டு உறிஞ்சுறான்."

"குவாரிக்காரன்?"

"சும்மா சொல்லக்கூடாது. எடுக்குற தண்ணிய மண்ணுக்கே திருப்பி விடுறாங்க. சூப்பர்வைசர் விமலன் நல்ல மனுசன். வாரா வாரம் குவாரிக் குளத்து மீன் கொடுத்து விடுவாரு. குழம்பு வச்சிருக்கேன், சாப்பிடுங்க."

"பசிக்கல."

பிற்பகல் 3.50.

லோகன் கார் கழுவும் இடத்தில் பிளாஸ்டிக் டிரம்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், என் போரே செத்துப்போச்சு லா. ரெண்டு வாரமா தங்கச்சி வீட்லேருந்து தண்ணி தூக்குறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வான்" என்றபடி இராமலிங்கம் தாமே பம்பைத் தட்டிவிட்டார். குழாய் இரண்டு முறை இருமியது. காற்றுதான் வந்தது.

"நம்பிட்டீங்களா?"

"உன்னைய இல்ல. பம்பை."

மாலை 4.30.

குவாரி வேலிக்குள் விமலனே முன்னே நடந்து காட்டினான். கல் உடைக்கும் குழியின் அடியில், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாய்க் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது.

"ஊறுற தண்ணிய எடுக்காட்டி கல்லு உடைக்க முடியாது, அங்கிள். எடுத்ததை அந்தக் குளத்துல ரெண்டு நாள் நிறுத்துவோம், தூசி அடியில உக்காரும். தெளிஞ்சதும் இந்த வாய்க்கால்ல விடுவோம். மண்ணு வழியா உங்க கிணத்துக்கே போயிடும். பாருங்க, விளிம்பு தட்டி நிக்குது."

நின்றது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். அப்பால் குளம் பாசிப் பச்சையாய் இருந்தது. மீன்கள் முதுகு காட்டித் திரும்பின.

"பம்பு எப்ப நிப்பாட்டுனே?"

"நேத்து மத்தியானம். நாளைக்கு எட்டு மணிக்குத்தான் ஓடும்."

"மழை?"

"ரெண்டு வாரமா இல்ல."

"தண்ணிய யாரு அளக்குறா?"

"உஷாராணி மேடம், கம்பெனி எஞ்சினியர். திங்கக்கிழமை காலையில, பம்பு ஓடுறதுக்கு முந்தி வருவாங்க. தண்ணி அசையாம இருந்தா அளவு சரியா வரும்னு நான்தான் சொன்னேன்."

இராமலிங்கம் ஒரு குச்சியால் வாய்க்காலின் அடியைக் குத்திப் பார்த்தார். நுனியில் ஒட்டியதைக் கல்லில் துடைத்துவிட்டு, தண்ணீர் விளிம்பு தொடும் இடத்தில் குச்சியை ஊன்றினார்.

"தூண்டில் போடுறீங்களா அங்கிள்?"

"மீனு அந்தப் பக்கமில்ல இருக்கு."

திங்கள், காலை 7.35.

உஷாராணி அளவுகோலோடு வந்திருந்தார், பக்கத்தில் விமலன். குமுதாவும் லோகனும் வேலியோரம் நின்றார்கள்.

"வாய்க்கால் நிறையத்தான் இருக்கு, ஐயா. இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?"

"நிறைஞ்சிருக்கிறதுதான் கோளாறும்மா" என்றார் இராமலிங்கம். "சனிக்கிழமை மத்தியானத்துலேருந்து பம்பு ஓடல, மழையும் இல்ல. நேத்து நான் ஊன்றுன குச்சியப் பாரு. ஒரு விரக்கடை இறங்கல. மண்ணு குடிச்சிருந்தா இந்நேரம் பாதி வத்தியிருக்கணும். பம்பு ஓடுறப்போ மிஞ்சுறது விளிம்பு தாண்டி வெளியே ஓடிடுது. இது வாய்க்கால் இல்ல. தொட்டி."

உஷாராணி குச்சியைப் பார்த்தார். அவரிடமிருந்த அளவெல்லாம் திங்கட்கிழமை அளவுதான். இறங்குகிறதா என்று இரண்டாவது நாள் வந்து பார்த்ததில்லை.

"ஏன் குடிக்கல?"

இராமலிங்கம் கல்லைக் காட்டினார். நேற்றுத் துடைத்தது வெள்ளையாய், பூசுமண் மாதிரி இறுகிக் கிடந்தது. "கல்தூசி. அடியெல்லாம் நாலு விரக்கடை பூசி அடைச்சிருக்கு. குளத்துல உக்கார வேண்டிய தூசி இங்கே எப்படி வந்துச்சு? அந்த வெள்ளைத் தண்ணி குளத்துக்குள்ள போனா, அது இப்படிப் பச்சையா நிக்குமா? மீனு முதுகு தெரியுமா? எட்டு மணி ஆகட்டும். குழாய் வாயைப் பாருங்க."

எட்டு மணிக்குப் பம்பு உறுமியது. குளத்தைச் சுற்றிக்கொண்டு புல்லுக்குள் ஓடிய குழாயிலிருந்து, வெள்ளைத் தண்ணீர் நேரே வாய்க்காலில் கொட்டியது.

"தம்பி விமலா" என்றார் இராமலிங்கம். "மீனு வளர்க்கக் குளம் வேணும்னு குழாயைத் திருப்பிட்டே. வாய்க்கால் வெள்ளையா கிடக்கிறது அந்தம்மா கண்ணுல படக்கூடாதுன்னு, தெளிஞ்சு கிடக்கிற நேரமாப் பார்த்து வரச் சொன்னே."

விமலன் தரையைப் பார்த்தான். "பங்சார் ரெஸ்டாரண்டுக்குக் கொடுக்கத்தான் மேடம். வெள்ளைத் தண்ணி பட்டா மீன் செத்துடும். எப்படியும் வாய்க்காலுக்குத்தானே போவுதுன்னு நெனச்சேன். இப்படி அடைக்கும்னு தெரியாது."

"அந்த மீனையா நான் குழம்பு வச்சேன்?" என்றாள் குமுதா.

"நீயாவது குழம்பு வச்சே" என்றான் லோகன். "எனக்குத் திருட்டுப் பட்டம்தான் கெடைச்சுச்சு."

உஷாராணி அங்கேயே பம்பை நிறுத்தச் சொன்னார். வாய்க்காலின் அடியைச் சுரண்டி எடுக்கவும், குழாயைக் குளத்துக்கே திருப்பவும், கிணறு ஏறும்வரை மாட்டுக் கொட்டகைக்குத் தினம் ஒரு தண்ணி லோரி அனுப்பவும் போனில் உத்தரவு போட்டார். குமுதாவும் ஒரு போன் போட்டாள். நாளைக்கு மாட்டு லோரி வேண்டாம் என்றாள்.

"ஒரு மாசத்துல கிணறு ஏறிடும், ஐயா. எழுதியே தரேன்" என்றார் உஷாராணி.

"எழுதுனதையா வாளி விட்டு இறைக்கிறது?"

கிணற்றுக் கயிற்றில் பன்னிரண்டாவது அடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, குமுதாவிடம் கொடுத்தார். "இது நனைஞ்சா போன் பண்ணு. அதுவரைக்கும் யார் சொன்னாலும் தலையாட்டாதே."

காலை 10.40.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் தண்ணி லோரி எதிரே வந்தது. கையைக் காட்டி மறித்தார். குழாயைத் திறக்கச் சொல்லி உள்ளங்கையில் பிடித்தார், மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார். நல்ல தண்ணீர்தான்.

"ஓகேயா, அங்கிள்?" என்றான் டிரைவர்.

"இன்னைக்கு வந்திருக்கே" என்றார் இராமலிங்கம். "நாளைக்கு வருவியா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.