திருகாணி இல்லாத முழங்கால்

படம் சுத்தமாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

அக்காவின் வலது முழங்காலில் இருபது வருடமாக ஓர் எஃகுத் திருகாணி. ஸ்கேன் இயந்திரத்தின் காந்தத்துக்கும் உலோகத்துக்கும் ஆகாது. திருகாணியைச் சுற்றிப் படத்தில் கரும்பள்ளம் விழும். பள்ளத்தருகே குருத்தெலும்பு கிழிந்திருப்பது தெரிந்தால்தான் நாளை அறுவை. இல்லையென்றால் அக்காவுக்கு ஊன்றுகோலே கதி. அதற்காகவே, ஸ்கேன் எடுப்பதே வேலையான தங்கை, ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டாள். மூட்டுக்குள் ஊசியால் செலுத்தும் மருந்து படத்தில் வெள்ளையாக ஒளிரும். மயிரிழைக் கிழிசலிலும் கசிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் கொழுப்பும் வெள்ளைதான். அதன் வெள்ளையை அணைக்கும் முறைகளில் ஒன்று மருந்தையும் சேர்த்து அணைத்துவிடும். இன்னொன்று உலோகத்தருகே தடுமாறும். நீரையும் கொழுப்பையும் பிரித்தெடுக்கும், இன்று அவள் தேர்ந்த மூன்றாவது முறையில் பள்ளம் சுருங்கும்.

சுருங்கும். மறையாது.

தவறி இடது காலைப் படம் எடுத்துவிட்டோமோ? இல்லை, மருந்து பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் ஊசி போட்ட மூட்டேதான். வேண்டுமென்றே, உலோகம் பட்டால் படத்தையே நாசமாக்கும் பழைய முறைக்கு மாற்றினாள். ஸ்பிரிட் வாடை வீசும் குளிர்ந்த அறையில் இயந்திரம் தட்டியது, இரைந்தது, மறுபடி தட்டியது. படம் வந்தது.

பள்ளமே இல்லை.

முழங்கால் ஸ்கேனுக்குக் கால்தான் முதலில் குழாய்க்குள் போகும். கண்ணாடிக்கு அப்பால் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. வாய் ஓயாத அக்கா, ஊசி போட்டுக்கொண்டு உடை மாற்றப் போனவள், தலைமுடி முகத்தை மறைக்க வந்து ஒரு வார்த்தை பேசாமல் படுத்தது இப்போதுதான் உறைத்தது.

மைக்கை அழுத்தினாள். "அக்கா, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்டி." அக்காவின் குரலேதான்.

"சும்மா கேக்குறேன்... அன்னிக்கு மாடிப்படில எப்படி விழுந்தே?"

இருபது வருடம் முன்பு ஈரப்படி வழுக்கி முழங்கால் உடைந்த கதையை அக்கா நூறு தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

"நான் எங்க விழுந்தேன்? நீதானே தள்ளுனே."

அது அவளுடைய இரண்டு உள்ளங்கைகளுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அக்கா அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. அவள் நிறுத்தவில்லை.

மேசை வெளியே நகர்ந்தது. அவள் கை எந்தப் பொத்தானிலும் இல்லை.

போர்வை சரிந்தது. இரண்டு பாதங்கள் தரையைத் தொட்டன. முகம் இன்னும் முடிக்குள்ளேயே.

"வலியே இல்லடி. நீயே பாரு."

கண்ணாடியை நோக்கி ஓர் அடி. வலது முழங்கால், சத்தமே இல்லாமல், பறவைக் கால்போலப் பின்பக்கமாக மடங்கியது.