மறுப்புச் செம்மல்

காலை ஒன்பது மணிக்குள் தில்லைநாயகம் மூன்று செய்திகளை மறுத்து முடித்திருந்தார். ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது என்றது முதல் செய்தி, வடியவில்லை என்றார். தக்காளி விலை ஏறிவிட்டது என்றது இரண்டாவது. ஏறியிருப்பது தக்காளியின் மதிப்பு என்றார். மூன்றாவது, மேயருக்குப் பேரன் பிறந்த செய்தி. அதில் மறுக்க என்ன இருக்கிறது என்று வேறொருவர் திணறியிருப்பார். தில்லைநாயகம், "பேரன்தான் என்று முடிவு கட்ட இவ்வளவு அவசரம் ஏன்?" என்ற ஒரே கேள்வியில் நிலைமையைச் சமன் செய்துவிட்டுக் காபி கேட்டார்.

சமன்மொழிச் சட்டம் வந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்னால் ஒவ்வொரு தொலைத்திரையும் தன் தரப்பை மட்டும் அலறிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் தெருவில் இறங்கிக் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே அரசு நல்லெண்ணத்தோடு ஒரு விதி செய்தது: எந்தச் செய்தியும் அதன் மறுப்போடுதான் வெளிவர வேண்டும், இரண்டுக்கும் சம நிமிடங்கள். நிமிடங்களை நிரப்ப ஆட்கள் வேண்டியிருந்தார்கள். மறுதரப்பாளர் என்ற உத்தியோகம் பிறந்தது. தேர்வு, நிலை, ஓய்வூதியம் எல்லாம் வந்தன. தில்லைநாயகம் முதல்நிலை. ‘மறுப்புச் செம்மல்’ பட்டத்தோடு போர்த்திய சால்வை, வேறு இடம் இல்லாததால், வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கண்ணாடிக்குள் இருந்தது.

தொழிலில் ஓர் ஆசாரம் உண்டு. நல்ல மறுதரப்பாளர் செய்தியைப் படிக்க மாட்டார். விஷயம் தெரிந்துவிட்டால் பேச்சில் தயக்கம் வரும் என்பது துறையின் கணிப்பு. தலைப்பு மட்டும் கையில் வரும். ஊர், தெரு, பெயர் போன்ற அற்ப விவரங்கள் நிகழ்ச்சியின் முடிவில்தான் திரையின் அடியில் ஓடும்.

நான்காவது தலைப்பு: ‘நீர்த்தொட்டித் தூணில் விரிசல்’.

எதிரே அமர்ந்திருந்தவர் மெஹருன்னிசா என்ற பொறியாளர். சட்டைக் கையில் சுண்ணாம்புத் தூசி இருந்தது. தட்டிவிட்டு வரவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"மூணு நாள்ல ரெண்டு விரல் அகலத்துக்குப் பிளந்திருக்குங்க. மேல பத்து லட்சம் லிட்டர் தண்ணி. வடிக்கவே ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் தூண் தாங்காது. பக்கத்துல குடியிருக்கிறவங்க இப்பவே காலி பண்ணணும்."

"அம்மா, அதை விரிசல்னு ஏன் சொல்றீங்க?" என்றார் தில்லைநாயகம் கனிவாக. "வெயில்ல கான்கிரீட் மூச்சு விடுது. மூச்சு விட்டா வியாதியா?"

"சார், அது தூணு."

"தூணுக்கும் வயசாகும் இல்லையா? என் நெத்தியிலகூடத்தான் கோடு விழுந்திருக்கு. பயந்து யாராவது ஓடிட்டாங்களா?"

அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். மெஹருன்னிசா சிரிக்கவில்லை. பார்வையாளர்கள் எந்தத் தரப்பை நம்புகிறார்கள் என்று காட்டும் நம்பிக்கைமானியின் முள் நடுங்கி நடுங்கி, ஐம்பதுக்கு ஐம்பதில் நின்றது. துறையில் அதற்கு மேல் பெருமை கிடையாது.

பிறகு அடியில் விவரம் ஓடியது: முல்லைக்குடில் அடுக்ககம், நான்காம் குறுக்குத் தெரு.

காபி தில்லைநாயகத்துக்குப் புரை ஏறியது. முல்லைக்குடிலின் மூன்றாவது மாடியில்தான் அவருடைய அக்கா பொற்கொடி தனியாக இருந்தாள். வெளியே ஓடிவந்து அழைத்தார்.

"அக்கா, உடனே கீழ இறங்கி வெளிய வா. தொட்டி விழப்போகுது!"

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பில் இன்னொரு குரல் புகுந்தது. வதந்தியைத் தடுப்பதற்காகச் சட்டத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பு தொலைபேசிக்கும் நீட்டியிருந்தார்கள். யார் யாருக்கு எந்தச் செய்தியைச் சொன்னாலும் உடன்மறுப்பான் என்ற இயந்திரம் உடனே மறுத்துவிடும். அதற்கென்று நாட்டிலேயே நம்பகமான ஒரு குரலைத் தேடி எடுத்தார்கள். அதற்கும் தில்லைநாயகத்துக்கு ஒரு சால்வை கிடைத்தது.

"விழும் என்று முடிவு கட்ட இவ்வளவு அவசரம் ஏன்?" என்று கேட்டது தில்லைநாயகத்தின் குரல், நிதானமாக.

"ரெண்டாவதா பேசினதுதான் நீ," என்றாள் பொற்கொடி. "முதல்ல பேசினவன் பதறுறான். நீ என்னிக்குடா பதறியிருக்க? எவனோ உன் நம்பர்ல விளையாடுறான். வைங்கடா போனை."

அவர் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தூணில் தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, "எல்லாரும் வெளிய வாங்க! தொட்டி விழப்போகுது!" என்று கத்தினார்.

எல்லோரும் வந்தார்கள், நாற்காலிகளோடு வந்தார்கள். செம்மல் நேரில் பேசுவதைக் கேட்கும் வாய்ப்பு தினமும் வருமா? இருபத்து நான்கு குடும்பங்களில் அக்காவைத் தவிர எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள்.

காவலாளி இருதயராஜ் பணிவாக ஓரடி முன்னால் வந்தார். "சார், மறுதரப்பு இல்லாம பொது இடத்துல செய்தி சொல்ல விட்டா எனக்கு வேலை போயிடும். எதிர்த்துப் பேச யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"யாராவது பேசுங்களேன்யா!"

செம்மலை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மறுப்பு இல்லாத செய்தி செல்லாது. கூட்டம் கலையத் தொடங்கியது. அப்போதுதான் பொற்கொடி கரண்டியோடு படியிறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் தில்லைநாயகத்துக்கு ஒரு யோசனை வந்தது. அவர் சொன்ன எந்த விஷயத்துக்கும் அக்கா இன்றுவரை ஆமாம் போட்டதில்லை.

"தொட்டி உறுதியா இருக்கு," என்றார் உரக்க. "யாரும் எங்கயும் போக வேண்டாம்."

"என்னத்த உறுதி?" என்றாள் பொற்கொடி, யோசிக்காமலே. "மூணு நாளா எங்க சமையலறைக் கதவு சாத்த மாட்டேங்குது. நிலையே சாஞ்சு கிடக்கு. ஆணி அடிச்சா சுவத்துல நிக்கல. அங்க பாரு, தண்ணி எங்கேருந்து வழியுதுன்னு..." கரண்டியால் மேலே காட்டியவள், அப்போதுதான் தானும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "அடப்பாவி... இது விழுந்துடும்டா."

பதினொரு நிமிடம் பேசினாள். சட்டப்படி அவருக்கும் பதினொரு நிமிடம் இருந்தது. அது முடியாமல் முடிவெடுக்க முடியாது. வேண்டுமென்றே மோசமாகப் பேசுவது என்று தில்லைநாயகம் தீர்மானித்துக்கொண்டார். ஒரு வாக்கியத்தை உளறினார். கூட்டம் அதை நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டியது. கைதட்டல் காதில் விழுந்ததும், முப்பது வருடப் பழக்கம், அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கியது. உவமை வந்தது, நிறுத்தம் வந்தது, கடைசியில் ஒரு பெருமூச்சும் வந்தது. அவர் தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

இருதயராஜ் தலைகளை எண்ணினார். பன்னிரண்டு குடும்பங்கள் வெளியேறின. பன்னிரண்டு குடும்பங்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு மாடிக்குத் திரும்பின.

"ஐயோ, நான் சொன்னது பொய்! எல்லாரும் இறங்குங்க!"

"பேசி முடிச்சப்புறம் தரப்பு மாறக் கூடாது சார்," என்றார் இருதயராஜ் வருத்தத்தோடு. "மாறினா ரெண்டு பேச்சும் செல்லாது. வெளிய போனவங்களும் திரும்பி வந்துடுவாங்க."

சாலையின் மறுபுறத்தில் ஒரு துணிப்பையோடு நின்ற பொற்கொடி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சுமாரா பேசித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?"

தூணிலிருந்து ஒரு பூச்சுத் துண்டு பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. சன்னலில் எட்டிப் பார்த்த ஒருவர், அது சிறிய துண்டுதான் என்று உள்ளே யாருக்கோ சொன்னார்.

தில்லைநாயகம் படியேறினார். "டேய், எங்கடா போற!" என்று பொற்கொடி கத்துவது கேட்டது. முதல் மாடி, முதல் கதவு. இட்லித் தட்டோடு ஒருவர் திறந்தார்.

"செம்மல் சாரா! அப்பப்பா, என்ன பேச்சு சார்! நாங்க கிளம்பிட்டோம், உங்களைக் கேட்டப்புறம்தான் உக்காந்தோம்."

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துப் படியை நோக்கி இழுத்தார்.

"சார், எச்சில் கை சார்!"

அவர் விடவில்லை. இன்னும் பதினொரு கதவுகள் இருந்தன.