முதல் பொறியின் கை

திங்கட்கிழமை, காலை 8.40. டெக்சஸ் மாநிலம் கேட்டியில் உள்ள ஹால்பர்ட் நிறுவனத்தின் வரவேற்பறையில் ஒரு திருட்டு வெளிப்பட்டது. அதை வெளிப்படுத்தியவன் அங்கே வேலை பார்க்கும் நவநீத். அடுத்த ஐந்து நிமிடத்தில் திருடன் என்று பெயர் வாங்கியவனும் அவனே.

ஹால்பர்ட் நிறுவனம் துப்பாக்கி செய்வதில்லை, தோட்டாவும் செய்வதில்லை. குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்து, வீட்டுக் கராஜிலேயே மறுபடி தோட்டாவாக்கிக்கொள்ள உதவும் கைப்பொறியை அது செய்கிறது. ரீலோடிங் பிரஸ் என்பார்கள். நம்மவர்கள் வெட் கிரைண்டரைப் பற்றிப் பேசும் அதே வாஞ்சையோடு டெக்சஸ்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஹால்பர்ட் பொறிகளுக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு. பில் வேண்டாம், பொறி எத்தனை கை மாறியிருந்தாலும் கவலையில்லை. உடைந்தது என்று தொலைபேசியில் சொன்னால் போதும், மாற்றுப் பாகம் தபாலில் வந்துவிடும்.

வரவேற்பறையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது முதலாம் எண் பொறி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வெண்டல் ஹால்பர்ட் தம் பண்ணைக் கொட்டகையில் வார்த்தது. டிராக்டருக்கு அடித்த பச்சைப் பெயின்ட் மிச்சமிருந்ததால் அதையே இதற்கும் அடித்துவிட்டார். விற்பனைக்குப் போனவை அனைத்தும் சிவப்பு. "உலகத்திலேயே பச்சை இது ஒண்ணுதான்" என்று இப்போதைய முதலாளி மகாதேவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எண்ணெய் நிறுவனத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ஹால்பர்ட்டின் மகளிடமிருந்து இந்த நிறுவனத்தை அவர் வாங்கியிருந்தார்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆஸ்டினிலிருந்து ஓர் அருங்காட்சியகத்தார் அந்தப் பொறியைக் கண்காட்சிக்கு இரவல் வாங்க வருவதாக ஏற்பாடு. அதைப் பெட்டியில் கட்டுவதற்காகக் கண்ணாடியைத் திறந்த நவநீத், பழக்கதோஷத்தில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினான். உடல் 'ணங்' என்றது. பிடியையும் உருளையையும் இணைக்கும் வளைந்த கை மட்டும் 'டொக்' என்றது. அது இரும்பு இல்லை, பிளாஸ்டிக். 3டி பிரின்டரில் செய்து, தேய்த்து, பச்சை பூசி, அசலைப் போலவே மாட்டியிருந்தார்கள்.

செய்தி வந்தபோது காமாக்ஷி தன் மேஜையில் இருந்தாள். உடைந்து திரும்பி வரும் பாகங்களை ஆராய்வது அவள் வேலை. உடைந்த பரப்பில் துரு ஏறிய பகுதி பழைய விரிசல், பளபளக்கும் பகுதி புதியது. ஓர் உடைப்பில் முதலில் கேட்க வேண்டியது 'யார்' என்று அல்ல, 'எப்போது' என்றே என்பது அவள் கட்சி. எப்போது என்பது தெரிந்துவிட்டால், யார் என்பது பெரும்பாலும் தானே வந்து நிற்கும். போன கோடையில் யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய, இரண்டாக முறிந்த சிவப்புக் கை ஒன்றை அவள் காகிதங்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தாள். மிகப் பழைய மாடல். 'மாற்றுப் பாகம் இல்லை' என்று எழுதி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அனுப்பியதோடு அவள் அதை மறந்திருந்தாள்.

அவள் மகாதேவன் அறைக்குப் போனபோது அவருடைய மடிக்கணினி திறந்திருந்தது. திரையில், வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சல் தயாராக இருந்தது. நவநீத்தின் கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி.

"மூணு மணி வரைக்கும் டைம் தரேன். எங்க வச்சிருக்கன்னு சொல்லிட்டா இதை அனுப்ப மாட்டேன்" என்றார் மகாதேவன்.

"நான் எடுத்திருந்தா நானே வந்து சொல்வேனா சார்?" என்றான் நவநீத். நியூ ஜெர்சி எடிசனில் இருந்த வேலையை விட்டுவிட்டு, இந்த விண்ணப்பத்தை நம்பி, ஜனவரியில் மனைவியோடு டெக்சஸுக்கு வந்தவன். வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை, இல்லையென்றால் ஊருக்கு விமானம்.

"பேக்கிங்ல எப்படியும் மாட்டுவோம்னு தெரிஞ்சு முந்திக்கிட்ட. 3டி பிரின்டர் யார் ரூம்ல இருக்கு?"

"என் ரூம்ல. ஆனா எல்லாரும்தான் யூஸ் பண்றாங்க. இந்த மெஷினோட ஸ்கேன்கூட வெப்சைட்டுக்காக எப்பவோ எடுத்தது, எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்கு."

காமாக்ஷி குறுக்கிட்டாள். "சார், கை எப்போ மாறிச்சு?"

"இவன் கிட்ட சாவி வந்தப்புறம்தான்."

"அது யாருன்னு கேட்டா சொல்ற பதில். நான் எப்போன்னு கேட்டேன்."

மகாதேவன் பெருமூச்சு விட்டார். "ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாம் சரியா இருந்துச்சு. மரகதம் ஆன்ட்டி டிராயர்லதான் சாவி கிடக்கும். வாங்கி நானே திறந்தேன். என் கையாலயே சந்தனம் வச்சு, குங்குமம் வச்சேன். பூட்டினேன். அதுக்கப்புறம் சாவி என் கிட்டயே இருந்தது. ஜனவரியில டிஸ்ப்ளே எல்லாம் இவன் பொறுப்புன்னு குடுத்தேன். ஆக, ஒண்ணு நான் எடுத்திருக்கணும், இல்ல இவன்."

"நீங்க எடுத்திருக்க மாட்டீங்க."

"ரொம்ப தேங்க்ஸ்."

"மூணு மணி வரைக்கும் அந்த மெயிலை அனுப்பாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காமாக்ஷி எழுந்தாள்.

காலை 10.15. வாடிக்கையாளர் சேவை அறையில் மரகதம் ஹெட்செட்டை மாட்டியபடி பேசிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் குரல் அவர்தான். வார இறுதியில் உடைத்தவர்கள் அனைவரும் அழைப்பது திங்கட்கிழமை காலையில். பில் எதற்கு, உடைந்தது எது என்று மட்டும் சொல்லுங்கள் என்று, மதுரையும் டெக்சஸும் சரிபாதி கலந்த ஆங்கிலத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். காமாக்ஷியைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்று பொருள்.

காமாக்ஷி காத்திருந்தாள். எதிர்ச் சுவர் முழுக்க வாடிக்கையாளர்கள் அனுப்பிய படங்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் மார்ச் மாதத்திலும் இறங்கியபாடில்லை. மீனோடு ஒருவர், குதிரையோடு ஒரு பெண்மணி, ஜரிகைத் தொப்பி அணிந்து தம் பொறியின்மேல் கை போட்டபடி ஒரு முதியவர். அவருடைய பொறியும் பண்டிகைக்கு ஏற்றாற்போல் சிவப்பும் பச்சையுமாக இருந்தது. ஆறாவது அழைப்பும் வந்தது. காமாக்ஷி, அப்புறம் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வெளியே வந்தாள்.

காலை 11.00. உருப்பெருக்கியோடு அவள் கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்தாள். நவநீத் பக்கத்தில் நின்றான். வளைந்த கையின் மேற்பகுதியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் மங்கிய குங்குமம். மகாதேவன் தாராளமாகக் குழைத்திருந்தார் போலும்; சந்தனம் கீழே வழிந்து, கையையும் உடலையும் இணைக்கும் அச்சாணியின் தலைமீது ஏறி, இறங்கி, பொறியின் இரும்பு உடலில் ஓர் அங்குலம் ஓடிக் காய்ந்திருந்தது. கோடு எங்கும் அறுபடவில்லை.

"இன்னிக்கு இந்த அச்சாணியைத் தொட்டியா?"

"இல்ல மேடம். தட்டினேன், சவுண்டு வித்தியாசமா வந்துச்சு, நேரா சார்கிட்ட ஓடினேன். தட்டாமலே கட்டி அனுப்பியிருக்கலாம்."

"அனுப்பியிருந்தா, அங்க எவனாவது தட்டியிருப்பான்" என்றாள் காமாக்ஷி. "சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"போய்ச் சாப்பிடு. மூணு மணிக்குப் பேக்கிங் பண்ணத் தெம்பு வேணும்."

பிற்பகல் 1.30. மகாதேவன் அறையில் நால்வர் இருந்தார்கள். மரகதம் ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே வந்திருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கப்பா. லைன்ல ஆள் நிக்கறாங்க."

காமாக்ஷி மகாதேவனைப் பார்த்தாள். "சார், அன்னிக்கு நீங்க பொட்டு வச்சது பிளாஸ்டிக்குக்கு."

"என்னது?"

"சந்தனம் அந்தக் கையிலேருந்து வழிஞ்சு, அச்சாணி மேல ஏறி, இரும்புல இறங்கி ஒரே கோடா காஞ்சிருக்கு. கையை மாத்தணும்னா அச்சாணியை உருவணும். பூஜைக்கு அப்புறம் உருவியிருந்தா கோடு அங்கேயே உடைஞ்சிருக்கும். உடையல. அப்படீன்னா, பூஜை அன்னிக்கே பிளாஸ்டிக் கைதான் அங்க இருந்தது."

"தொட்ட எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"உங்க விரல் நிறையச் சந்தனம். அதோட கண்ணை மூடி சுலோகம் சொல்லிட்டிருந்தீங்க. நான் சுண்டல் தட்டோட பின்னாடிதான் நின்னேன்."

நவநீத் அன்று முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பூஜை அக்டோபர்ல. நவநீத் சேர்ந்தது ஜனவரியில. அன்னிக்கு அவன் நியூ ஜெர்சியில இருந்தான். சாவி இருந்தது..." காமாக்ஷி நிறுத்தினாள்.

மகாதேவன் மெல்லத் திரும்பினார். "ஆன்ட்டி டிராயர்ல."

காமாக்ஷி, தன் மேஜையிலிருந்து கொண்டுவந்த முறிந்த சிவப்புக் கையை அவர் முன்னே வைத்தாள். அதன் பக்கத்தில், சுவரிலிருந்து கழற்றிய படத்தை வைத்தாள். ஜரிகைத் தொப்பி அணிந்த முதியவர். அவருடைய சிவப்புப் பொறியில் பண்டிகை அலங்காரம் எதுவும் இல்லை. இணைப்புக் கை மட்டும் பச்சை.

"இந்தச் சிவப்புக் கைக்கு மாத்துப் பார்ட் இல்லேன்னு எழுதினது நான். ஆனா அவர் மெஷின் ஓடுது. உலகத்திலேயே பச்சை ஒண்ணுதான்னு நீங்கதானே சொல்வீங்க? அந்த ஒண்ணுலேருந்துதான் அவர் மெஷினுக்குக் கை போயிருக்கு. எடுத்து அனுப்பிட்டு, பிரின்டர்ல செஞ்சதை இங்க மாட்டினது மரகதம் ஆன்ட்டி."

"ஆமா, நான்தான்" என்றார் மரகதம், பார்சல் எண்ணைச் சொல்வது போல.

"இத்தனை மாசமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"யாரு கேட்டா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒளிக்கணும்னு நெனச்சா போட்டோவைச் சுவத்துல ஒட்டுவேனா?" அவர் நவநீத்தின் பக்கம் திரும்பினார். "உன் மேல பழி விழுந்திருக்குன்னு இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையிலேருந்து இந்தக் கருமத்தைக் கழட்டவே விடல. வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா?"

"நீங்கன்னு எனக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"அதுவும் சரிதான்."

மகாதேவன் மேஜையைத் தட்டினார். "ஏன் ஆன்ட்டி? சொல்லுங்க."

மரகதம் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவர் பேரு டெல்பர்ட். ஹால்பர்ட் கையாலயே மெஷினை வாங்கினவர். கை உடைஞ்சுபோச்சு. பார்ட் இல்லேன்னு இவ எழுதிட்டா. உங்க கிட்ட வந்தேன். ஒத்தைப் பார்ட்டுக்காக வார்ப்பு அச்சு செய்ய முடியாது, சாரி சொல்லிடுங்கன்னீங்க. சாரி சொல்லத்தான் போன் பண்ணேன். மனுஷன் கோபப்படல. 'லைஃப்டைம்னு சொன்னீங்களேம்மா, யாரோட லைஃப்? நான் இன்னும் இருக்கேனே'ன்னாரு. நான் என்ன பதில் சொல்றது? வெளியில வந்தேன். கண்ணாடிக்குள்ள ஒரு கை சும்மா இருந்துச்சு."

மகாதேவன் சிவப்புக் கையின் இரு துண்டுகளையும் ஒட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இது திருட்டு ஆன்ட்டி."

"ஆமா. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா போனை யாராவது எடுங்க."

"அனுப்பறது இருக்கட்டும். அந்த ஆளோட அட்ரஸ் குடுங்க. கை திரும்பி வரணும்."

"தரேன். அவர்கிட்ட என்ன காரணம் சொல்றது?"

"சொல்லுங்க, நாங்க வாரன்டியில அனுப்பின ரிப்ளேஸ்மென்ட்டை..." மகாதேவன் தொடங்கிய வாக்கியத்துக்கு முடிவு கிடைக்கவில்லை. உத்தரவாதத்தில் கொடுத்ததைத் திரும்பக் கேட்ட முதல் ஹால்பர்ட் முதலாளி என்ற பெயர் அதன் முடிவில் காத்திருந்தது. படத்தை எடுத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பி, வழக்கறிஞருக்கு எழுதியதை அழித்தார்.

"அந்த மாடல் இன்னும் எத்தனை இருக்கும்?"

"மெஷினா, ஆளா?" என்றார் மரகதம்.

"ரெண்டும்."

"நெறைய இருக்கு. மாசம் ஒருத்தராவது கூப்பிடுவாங்க. சாரி சொல்லிட்டிருக்கேன்."

"ஒண்ணுக்கு அச்சு செஞ்சாலும் நூறுக்குச் செஞ்சாலும் அதே அச்சுதான் சார்" என்றாள் காமாக்ஷி. இதைப் போன கோடையிலேயே சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. போன கோடையில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அருங்காட்சியகத்தார் வந்தார்கள். பிளாஸ்டிக் கையோடு பொறியையும், டெல்பர்ட்டின் படத்தையும் சேர்த்தே எடுத்துச் சென்றார்கள். பொறியைவிடப் படம்தான் அவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. ஹால்பர்ட் நிறுவனத்தின் உத்தரவாதம் எத்தகையது என்பதை மகாதேவன் அவர்களுக்கு நெடுநேரம் விளக்கினார். அந்தக் கையைத் தாமே கழற்றி அனுப்பியது போன்ற ஒரு தன்னடக்கம் அவர் குரலில் இருந்தது. மரகதம் அப்போது வேறொரு அழைப்பில் இருந்தார்.

வண்டி போன பிறகு மகாதேவன் நவநீத்தைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"லாயர் ஏதோ சைன் வேணும்னாருன்னியே. கொண்டா, போட்டுத் தரேன்."

"கொண்டு வரேன் சார். கண்ணாடிப் பெட்டிச் சாவி?"

"உன் கிட்டயே இருக்கட்டும். பொறி திரும்பி வரும்ல."

மாலையில் நவநீத் காமாக்ஷியின் மேஜைக்கு வந்தான். அச்சு செய்ய அளவெடுக்கப் பழைய கை வேண்டும் என்றான். அவள் முறிந்த இரு துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தாள். கனம் நீங்கியதும் மேஜைமேல் இருந்த அறிக்கைகள் ஏ.சி. காற்றில் எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இறங்கின. அவள் குனிந்து பொறுக்கினாள். உதவி செய்ய நவநீத்தும் குனிந்தான். ஆனால் ஒரு கையால்தான். மற்றொரு கையில், மகாதேவனின் கையெழுத்து இன்னும் முழுதாக உலராத காகிதத்தை அவன் விடாமல் பிடித்திருந்தான்.