வரிக்கு எண் போட்டது யார்?

மழை மேகம் கவிந்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மாலை நேரக் கணினி வகுப்பில் கறுப்புத் திரைகள் மட்டும் மினுங்கின.

"நம்ம புத்தகத்துக்கு எல்லாரும் எழுதின கதையைத் திரையில கொண்டு வா நித்யஸ்ரீ," என்றார் வகுப்பெடுக்கும் ப்ரியா அக்கா. "மழை வர்றதுக்குள்ள அச்சடிக்கக் கொண்டுபோகணும்."

கணினிக்கு இடும் கட்டளைகளில் cat என்றால் 'காட்டு'. பக்கத்தில் நட்சத்திரக் குறி (*) போட்டால், இங்கே இருக்கும் எல்லாக் கோப்புகளின் பெயரையும் எழுதியது போல. நித்யஸ்ரீ இரண்டையும் தட்டினாள்.

கதைகள் வந்தன. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஓர் எண்.

"இன்னா இது, நம்பர் தானா வருது?" என்றான் பக்கத்து நாற்காலி அன்பு.

"நான் போடலை."

அதைவிட மோசம், அவளுடைய கதையையே காணோம். கோப்புப் பட்டியலில் மட்டும் -n என்ற அதன் பெயர் இருந்தது. நிஜமாகவே எழுதினோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது இல்லாமலே புத்தகம் அச்சாகிவிடுமோ?

cat -n என்று தன் கோப்பை மட்டும் கூப்பிட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் காத்திருந்தது.

"இன்னான்னு கேளேன்," என்று அன்பு கிசுகிசுத்தான்.

'யார் நீ' என்று தட்டினாள்.

1 யார் நீ

'என் கதை எங்கே'

2 என் கதை எங்கே

"வூட்டுக்குப் போலாம்," என்றான் அன்பு.

நித்யஸ்ரீக்கும் எழுந்து போகத் தோன்றியது. ஆனால் மறுபடியும் எண்? வரிகளுக்கு எண் போடச் சொல்லும் உத்தரவைப் போன வாரம்தான் படித்தார்கள். அதுவும் -n தான்.

"அன்பு, கதை எழுதி முடிச்சா கீழே கோடு போட்டுப் பேர் எழுதுவோமில்ல? அந்தப் பழக்கத்துல கோப்புக்கும் கோடு போட்டு, என் பேரோட முதல் எழுத்து n-ஐ வச்சுட்டேன்."

"போட்டா இன்னா?"

"எது பேரு, எது உத்தரவுன்னு இதுக்குப் புரியாது. அதான் உத்தரவுக்கு முன்னாடி ஒரு கோடு வச்சிருக்காங்க. என் பேரையும் உத்தரவுன்னு நினைச்சுடுச்சு. எந்தக் கோப்புன்னு தெரியாம, நான் தட்டினதையே எண் போட்டுத் திருப்பிக் காட்டியிருக்கு."

"இப்ப?"

"கோடு முதல்ல வராம பண்ணணும்."

ஓடிக்கொண்டிருந்த கட்டளையை நிறுத்தினாள். ./ என்றால் 'இங்கே இருக்கிற'. அதைப் பெயருக்கு முன்னால் வைத்தாள். cat ./-n. தப்பாக இருந்தால்? விரல் தயங்கி, தட்டியது.

கதை முழுதாக இறங்கி வந்தது, எண்ணே இல்லாமல். கோடு இல்லாத புதுப் பெயர் வைத்து அக்காவிடம் கொடுத்தாள்.

"அப்போ பேய் இல்லியா?" அன்புவின் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

"இருக்கே. என் கதையில மூணாவது பத்தியில வருது. படி."

அன்பு நாற்காலியை அவள் பக்கமாக ஒட்டிப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தான்.